பாத்தியா, கேட்டியா, படிச்சியா

மூக்கின் மேல் கண்ணாடியை வைத்துக்கொண்டே வீடெல்லாம் கண்ணாடியைத் தேடுகிற வயதுக்கு நாமெல்லாம் வந்தாயிற்று. இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது? பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிய கட்டுரைகளில் ஒன்றுகூட நம்முடையது இல்லை. நம் எல்லோருடைய உயிர்த் தோழனுக்கும் பல் முத்துப் போல இருந்தது. நம் எல்லோருடைய கோடை விடுமுறையும் ஏதோ ஒரு மலைமேல் கழிந்தது. சிஞ்ச்வட் ஸ்டேஷனைத் தாண்டாதவர்கள்கூடக் குளிர்ந்த தென்றல் தங்களை வரவேற்றதாக எழுதினோம். டீச்சரும் நல்ல இங்கிலீஷ் என்று சிவப்பு மையால் ஒரு டிக் போட்டுவிட்டுப் போனார்.

அப்படி மனப்பாடம் செய்த ஒரு கட்டுரையால் ஒரு மனிதரின் பிழைப்பே போக இருந்தது. அதைத் திருத்த என் சித்தி உட்கார்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கோயில், குளம், கடல், விமானம் என்று எதையெல்லாமோ பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை மதியம் பார்த்ததற்கு ஈடாக இன்னொன்றைப் பார்க்கவில்லை. உங்களில் சிலர் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து அப்பா ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, மராத்தி பேசும் சிஞ்ச்வட்டில் ஒரு சொசைட்டியின், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பின், மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் தமிழ், மாடிப்படியில் மராத்தி, கீழே விளையாட இறங்கினால் இந்தி, வகுப்பில் இங்கிலீஷ். நான்கிலும் சண்டை போடத் தெரியும், ஒன்றிலும் ஒழுங்காக ஒரு பக்கம் எழுதத் தெரியாது.

அந்த வருடம்தான் அம்மாவின் தங்கை பி.எட். படிக்க எங்களோடு வந்து தங்கினாள். சித்திக்கு அப்போது இருபத்திரண்டு இருக்கும். மராத்தி ஒரு சொல் தெரியாது, இந்தி அதைவிட மோசம். காய்கறிக்காரியிடம் விரலைக் காட்டித்தான் வாங்குவாள். ஆனால் இங்கிலீஷ் நன்றாக வரும். பயிற்சிப் பாடம் எடுக்க அவளுடைய காலேஜ் அவளை எங்கள் பள்ளிக்கே அனுப்பியது. அதுவும் எங்கள் வகுப்புக்கு. வீட்டில் எனக்குத் தலை பின்னி விடுகிறவளை வகுப்பில் 'மிஸ்' என்று கூப்பிடுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

சித்தி எடுத்த பாடம் 'ஒரு சாலை விபத்து'. அவளுடைய பேராசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போட வந்திருந்தார். கனமான சொற்களாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் கட்டளை. சித்தி இரண்டு நாள் உட்கார்ந்து சார்ட் பேப்பரில் கலர் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு மாதிரிக் கட்டுரையை எழுதிக்கொண்டு வந்தாள். அதில் ஓட்டுநர் குடிபோதையில் இருந்தார். வண்டியைத் தறிகெட்ட வேகத்தில் ஓட்டினார். வண்டி உருண்டு கவிழ்ந்தது. ரத்தம் குளமாய்த் தேங்கியது. ஓட்டுநர் சம்பவ இடத்திலிருந்து தப்பி ஓடினார். கடைசியில் வேகத்தைக் கண்டித்து ஒரு உபதேசம். நாங்கள் கோரஸாக அதைத் திரும்பத் திரும்பச் சொன்னோம். வகுப்பறை ஜன்னல் அதிர்ந்தது. பேராசிரியை 'வெரி குட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை சித்தி எங்களுக்குச் சுடச்சுட வடாபாவ் வாங்கிக் கொடுத்தாள்.

இனி ரிக்ஷா காகாவைச் சொல்ல வேண்டும். ரிக்ஷா என்றால் அங்கே ஆட்டோ. அந்த ஊரில் பிள்ளைகளுக்கு எந்த ஆண்பிள்ளையும் காகா, அதாவது சித்தப்பா. எங்களைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை, வெள்ளைக் குல்லாய். பின் சீட்டுக்கு எதிரே ஒரு மரப்பலகையைக் குறுக்கே போட்டு எங்களை அடைப்பார். தனக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு பலகை, அதில் மிகச் சிறியது ஒன்று உட்காரும். பைகள் எல்லாம் வெளியே கொக்கியில் தொங்கும், தண்ணீர் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வரும். மழைக்காலத்தில் உள்ளே ஒரு வாசனை வருமே, ஈர ரெயின்கோட்டும் பெட்ரோலும் யாருடைய டிபனிலிருந்தோ கசிந்த ஊறுகாயும் சேர்ந்து. அந்த ரெயின்கோட்டுகள் இப்போது கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அந்த நாற்றம் கிடைக்காது.

ஏற வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குப் பிள்ளைகளை அவர் ஏற்றுவார் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆள் கூடினால் தலைக்கு ஆகும் வாடகை குறையும் என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஜூலையில் ஒரு காலை, விடாத மழை. தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய சாலையில் யாரோ கேபிளுக்காகத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம் தண்ணீர் நிரம்பிச் சாலையோடு சாலையாகத் தெரிந்தது. ரிக்ஷாவின் இடது பின்சக்கரம் அதில் இறங்கியது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையன், எங்கள் சொசைட்டி செக்ரட்டரியின் மகன், வெளியே சரிந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டான். காகாவின் பாதம் சக்கரத்துக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது. ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்கள் ஓடி வந்து வண்டியைத் தூக்கினார்கள். யாரோ ஒருவருடைய ஸ்கூட்டரில் பையனும் ஒரு டெம்போவில் காகாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாங்கள் நனைந்த கோழிகளாக நடந்து பள்ளிக்குப் போனோம்.

மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ், குட்டையான மராத்திக்கார அம்மாள், ரிக்ஷாவில் வந்தவர்களில் எழுதத் தெரிந்த ஏழு பேரை அழைத்து ஆளுக்கொரு ஃபுல்ஸ்கேப் தாள் கொடுத்தார். ஏழு பேரும் ஐந்தாம் வகுப்பு. "நடந்ததை எழுதுங்கள். பெற்றோர்களுக்குக் காட்டப்போகிறேன், அதனால் நல்ல இங்கிலீஷில் எழுதுங்கள்" என்றார்.

நல்ல இங்கிலீஷ் என்றால் எங்களிடம் என்ன இருந்தது? விபத்துக்கென்று எங்களுக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷ் ஒன்றே ஒன்றுதான். பேனாவைத் திறந்தோம். குடிபோதை, தறிகெட்ட வேகம், ரத்தக் குளம், உபதேசம் என்று எல்லாம் மளமளவென்று வந்தது. பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு மதுவுக்கான இங்கிலீஷ் சொல் ஏதோ இன்ஜின் ஆயில் என்று நினைப்பு. நானும் அப்படியே எழுதி, கையெழுத்து அழகாக வந்ததே என்று சந்தோஷமாக வெளியே வந்தேன்.

அந்தத் தாள்கள் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு வீடுவீடாகச் சுற்றின. பெரியவர்களுடைய புத்தி எப்படி வேலை செய்கிறது என்று அன்று தெரியவில்லை, இன்று நினைத்தால் சிரிப்பும் கோபமும் வருகிறது. விபத்து நடந்த அன்றே அம்மாவிடம் நான் வாயால் சொல்லியிருந்தேன், வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது என்று. அதற்கு மதிப்பில்லை. எழுதியதற்கு மதிப்பு, அதுவும் இங்கிலீஷில். ஓட்டுநர் தப்பி ஓடியதாகவும் எல்லோரும் எழுதியிருந்தோம். அந்த ஓட்டுநர் கால் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடப்பது ஊருக்கே தெரியும். குழந்தைகள் பயத்தில் எழுதியிருக்கும் என்று அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மீதியை அட்சரம் பிசகாமல் நம்பினார்கள்.

"நான் அப்பவே சொன்னேன், அந்தாளு கண்ணு எப்பப் பார்த்தாலும் செவந்தே கெடக்குது" என்றார் அப்பா. காகா விடியும் முன்பே எழுந்து மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்கிவிட்டுத்தான் எங்களை அழைக்க வருவார். அதையும் அப்பாவே ஒருமுறை எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு காலையில் பெற்றோர் கூட்டம் என்று முடிவானது. செக்ரட்டரி கறாராகச் சொல்லிவிட்டார். காகாவைப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றவிடக் கூடாது, போலீசிலும் எழுதிக் கொடுக்க வேண்டும், பேட்ஜைப் பறிக்க வேண்டும். ரிக்ஷா ஓட்டுகிறவருக்கு பேட்ஜ் போனால் வண்டியைத் தொட முடியாது. காகாவுக்கு மூன்று பிள்ளைகள்.

சித்தி அந்த ஜெராக்ஸைப் பார்த்தது எங்கள் வீட்டுச் சமையலறையில். அம்மா படிக்கக் கொடுத்தாள். சித்தி முதல் தாளைப் படித்தாள், இரண்டாவதைப் படித்தாள், மூன்றாவதைப் பாதியில் நிறுத்தினாள்.

"என்ன புள்ள, அப்படியே நின்னுட்டே?" என்றாள் அம்மா.

"அக்கா, இது பசங்க எழுதினது இல்லீங்க. இது நான் எழுதினது."

"நீ எங்க போய் எழுதினே?"

"சார்ட்டுல. ஒரு எழுத்துக்கூட மாறல."

அம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு, "வெளிய சொல்லிப்போடாதே. உன்ற மார்க்கு போயிரும்" என்றாள்.

சித்தி மறுநாளே போய் ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவிட்டாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி, நீங்கள் சொல்லிக் கொடுத்து அவர்கள் எழுதினார்கள். இப்போது மறுபடி நீங்களே திருத்தினால், அதுவும் உங்கள் வார்த்தையாகத்தானே இருக்கும்? கூட்டத்தில் என்னை இதைக் கேட்பார்கள்" என்றார்.

அதற்குச் சித்தி, "நான் ஒரு வார்த்தைகூடக் கொடுக்க மாட்டேன், மேடம். நீங்களும் கூட உட்காருங்கள். நான் கொடுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்து எல்லோரும் போன பிறகு ஏழு பேரும் உட்கார்ந்தோம். வெளியே மழை. ஹெட்மிஸ்ட்ரஸ் மேசை முன்னால் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு உட்கார்ந்தார். சித்தியின் கையில் ஒரு பென்சில் மட்டும். மராத்தியும் இந்தியும் அவளுக்குப் புரியாது என்பதால் நான்தான் நடுவில் மொழிபெயர்க்க வேண்டும். சித்தி முதல் தாளை எடுத்து, முதல் வரியின் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பென்சிலை வைத்துக் கேட்க ஆரம்பித்தாள். "இதைப் பாத்தியா, கேட்டியா, படிச்சியா?"

கேள்வி அவ்வளவுதான். பார்த்தது, காதில் விழுந்தது, படித்தது, இந்த மூன்றில் எது. பார்த்தது என்றால் கீழே ஒரு புள்ளி. கேட்டது என்றால் ஒரு சிறிய கோடு. படித்தது என்றால் எழுதியவனே தன் கையால் அடிக்க வேண்டும்.

"குடிபோதை?"

"படிச்சேன்."

"தறிகெட்ட வேகம்?"

"படிச்சேன், மிஸ்."

"ரத்தக் குளம்?"

பையன் தயங்கினான். சிவப்பாக எதையோ பார்த்தது நிஜம் என்றான். சித்தி விடவில்லை, எங்கே, எவ்வளவு, எதன் மேல் என்று கேட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது: சேற்றுத் தண்ணீர், அதில் திறந்து கிடந்த ஒரு டிபன் டப்பா, அதிலிருந்து ஊறுகாய் எண்ணெய் பரவியிருந்தது. ரத்தம் என்று அவன் பார்த்தது செக்ரட்டரி மகனின் நெற்றியில் ஒரு கீறல். அது குளமா என்றாள். இல்லை, கோடு என்றான். ஹெட்மிஸ்ட்ரஸின் ஊசிகள் நின்றுவிட்டன.

அரை மணி நேரத்தில் ஏழு தாள்களிலும் மழை, ரிக்ஷா, பள்ளிக்கூடம் என்று சில சொற்களே மிஞ்சின. எங்கள் அழகான கையெழுத்தெல்லாம் அடித்தலாகக் கிடந்தது. ஒரு பெண் அழுதேவிட்டாள். நாங்கள் ஒன்றுமே பார்க்கவில்லையா என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. சித்தி மேசை மேல் என் ஜாமெட்ரி பாக்ஸை வைத்து, "இதுதான் ரிக்ஷா. எதுவரைக்கும் போச்சோ அங்க நிறுத்தச் சொல்லுங்க" என்று ஒரு பக்கமாக மெல்லச் சாய்த்தாள். ஏழு பேரும் பாக்ஸையே பார்த்தோம். பாக்ஸ் சாய்ந்துகொண்டே வந்தது. ஒரு இடத்தில் ஏழு பேரும் ஒரே நேரத்தில் "பஸ்", அதாவது போதும், என்று கத்தினோம். சித்தியின் கை அங்கேயே நின்றது. பாக்ஸ் கவிழவில்லை. பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது.

"இதுக்கு என்ன பேரு?" என்றாள்.

யாரோ மராத்தியில் "ஜுக்லி" என்றார்கள். நான் தமிழில் "சாஞ்சுச்சு" என்றேன். அதற்கு இங்கிலீஷில் எது என்று நாங்களே தேட வேண்டும். ஒருவன் 'விழுந்தது' என்பதற்கான சொல்லைச் சொன்னான், மற்றவர்கள் இல்லை இல்லை என்றார்கள். ஒருத்தி 'வளைந்தது' என்றாள், அது கம்பிக்குத்தான் பொருந்தும் என்று அவளே திருப்பி எடுத்துக்கொண்டாள். கடைசியில் பின்னால் இருந்த ஒரு பெண், சாதாரணமாக வாயே திறக்காதவள், சுவரில் சாய்ந்து நின்று காட்டி, "லீன்" என்றாள்.

அந்தச் சொல் வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் காலை முழுவதுமாகத் திரும்பி வந்தது. சக்கரம் இறங்கிய சத்தம், ஒருவர் மேல் ஒருவர் சரிந்தது, வண்டி இன்னும் சாயுமா சாயாதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவரை நாங்கள் அதையெல்லாம் மறந்தேபோயிருந்தோம். ஒரு சரியான சொல் பூட்டைத் திறந்துவிட்டது.

வண்டி ஏன் பாதியில் நின்றது என்று சித்தி கேட்டாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். காகா குதித்து இறங்கி அந்தப் பக்கம் ஓடியிருந்தார். "காந்தா லாவ்லா" என்றான் ஒருவன்.

"தோள் கொடுத்தாருன்னு சொல்றான்" என்றேன்.

"பேச்சுக்குச் சொல்றதா, நெசமாவே தோளை வெச்சாரா?"

அவன் எழுந்துபோய்ப் பெரிய பெஞ்சுக்கு அடியில் குனிந்து, தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்று காட்டினான். அப்படியே எழுதச் சொன்னாள் சித்தி. ரிக்ஷாவுக்கு அடியில் தோளை வைத்தார் என்று சின்னச் சின்ன வார்த்தைகளில் எழுதினான். முந்தைய ஏழு கட்டுரைகளிலும் இந்த வரி இல்லை. மாதிரிக் கட்டுரையின் ஓட்டுநர் இதைச் செய்யவில்லையே, நாங்கள் எங்கே போய் எழுதுவது?

மெதுவாகச் சாய்ந்ததா, சட்டென்றா என்பதில் ஒத்துப்போகவில்லை. பின் சீட்டில் இருந்தவர்கள் சட்டென்று என்றார்கள், பலகையில் இருந்தவர்கள் மெதுவாக என்றார்கள். அவரவருக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஏழு தாளும் ஏழு விதமாக ஆனது.

எல்லாம் முடிகிற நேரத்தில், காகாவுக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்கிற சின்ன உருவப் பெண் கையைத் தூக்கினாள். "காகா பின்னால் பார்த்தார்" என்றாள்.

நான் மொழிபெயர்க்கவில்லை. சித்தி என் முகத்தைப் பார்த்து, "என்ன சொல்றா?" என்றாள். சொன்னேன்.

ஓட்டிக்கொண்டிருந்தவர் சாலையைப் பார்க்காமல் பின்னால் பார்த்தார் என்றால் என்ன ஆகும் என்பது ஐந்தாம் வகுப்புக்கும் தெரியும். சித்தி அதே குரலில் கேட்டாள். "பாத்தியா, கேட்டியா, படிச்சியா?"

"பார்த்தேன். கேட்கவும் கேட்டேன்."

"அவர் திரும்பின மாதிரியே திரும்பிக் காட்டு."

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்தாள். பிறகு தலையை மட்டும் பின்னால் திருப்பி, "ஹாத் ஆத் கே" என்று சொல்லிவிட்டு மறுபடி முன்னால் பார்த்தாள். கையை உள்ளே எடு என்று அர்த்தம்.

"யார் கை?"

"தெரியாது. நான் முன்னால்தானே இருந்தேன்."

"தெரியலைன்னா எழுதாதே. பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுது."

அவள் எழுதினாள்: காகா ஒரு தடவை பின்னால் பார்த்தார். கையை உள்ளே எடு என்றார். அப்புறம் ரிக்ஷா சாய்ந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பெரிய ரகளை. அதற்குள் அம்மாவுக்கு மனம் மாறிவிட்டது. காகா பாவம், அவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற கட்சிக்கு வந்துவிட்டாள். அதனால் அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னாள்.

"ஆறு பேர் எழுதலையல்ல? அந்தப் புள்ள ஒண்ணு எழுதாட்டி என்ன குடி முழுகிப் போகுது?"

"அவ பாத்திருக்கா, அக்கா."

"நீ புண்ணியம் தேடறயா, பாவம் தேடறயா? அந்தாளுக்குப் பேட்ஜு போயிட்டா மூணு புள்ளைங்க சோத்துக்கு என்ன பண்ணும்?"

சித்தி அழுதுகொண்டுதான் பதில் சொன்னாள். "வார்த்தையச் சேர்த்து அவரைக் குடிகாரனாக்கினேன். இப்ப வார்த்தைய எடுத்து நல்லவனாக்கச் சொல்றீங்களாக்கா? அப்புறம் நாளைக்கு அந்தக் கூட்டத்துல மிச்ச வரிய யாருங்க நம்புவாங்க?"

அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சித்தி அன்று சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை பள்ளி ஹாலில் பெற்றோர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். காகா கட்டுப் போட்ட காலோடு, குல்லாயைக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முன் வரிசையில் செக்ரட்டரி, பக்கத்தில் கையில் மாவுக்கட்டோடு அவர் மகன்.

செக்ரட்டரி மேசை மேலிருந்த புதிய தாள்களைப் புரட்டிவிட்டுப் பழைய ஜெராக்ஸை உயர்த்திக் காட்டினார். "போன வாரம் ஏழு குழந்தைகளும் குடித்திருந்தான் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த வாரம் ஒருவர்கூட எழுதவில்லை. எழுத வைத்தது யார்?"

சித்தி எழுந்தாள். "போன வாரத்தையும் எழுத வைத்தது நான்தான்" என்று இங்கிலீஷில் சொன்னாள். ஹாலில் சலசலப்பு. தான் வரச் சொல்லியிருந்த எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தியைச் சித்தி பெயர் சொல்லி அழைத்தாள். அவள் தினமும் பஸ்ஸில் வருகிறவள், அந்த ரிக்ஷாவைத் தொட்டதுகூடக் கிடையாது. "ஒரு சாலை விபத்து. சொல்லும்மா" என்றாள்.

அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல், குடிபோதையிலிருந்து உபதேசம் வரை கடகடவென்று ஒப்பித்தாள். செக்ரட்டரியின் கையிலிருந்த தாளில் இருந்த அதே வரிகள், அதே வரிசை. முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஓட்டுநர் தப்பி ஓடிய வரி வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பல பேர் தலை கதவோரம் இருந்த ஸ்டூலின் பக்கம் திரும்பியது. அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் புதிய தாள்களை ஒவ்வொன்றாக வாசித்து, காகாவுக்குப் புரிவதற்காக மராத்தியிலும் சொன்னார். சின்னச் சின்ன வாக்கியங்கள். சாய்ந்தது. தோளை வைத்தார். நெற்றியில் ஒரு கோடு. வாசிக்க வாசிக்க ஹாலில் ஒரு அமைதி வந்தது. கனமான சொற்களை நாங்கள் கோரஸாகக் கத்தியபோது ஜன்னல் அதிர்ந்தது என்றேனே, இந்தச் சொற்களுக்கு எதுவும் அதிரவில்லை, ஒருவரும் அசையவில்லை. நாங்கள் எழுதியதைப் பெரியவர்கள் இப்படிக் கேட்பார்களா என்று எனக்குப் பிரமிப்பாக இருந்தது. கடைசியாக அந்தச் சின்னப் பெண்ணின் தாள். காகா ஒரு தடவை பின்னால் பார்த்தார் என்ற இடத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது உண்மையா?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"ஹோ" என்றார் காகா. ஆமாம். "பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது."

செக்ரட்டரி அவர் பக்கம் திரும்பினார். "யாருடைய கை வெளியே இருந்தது?"

"குழந்தைகள்தானே சாகேப். மழை பெய்தால் கையை நீட்டும்" என்றார் காகா. குல்லாயை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். கேட்ட எல்லோருக்கும் அவருக்குத் தெரியும் என்று தெரிந்தது.

முன் வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "மாஜா."

என்னுடையது என்று அர்த்தம். செக்ரட்டரியின் மகன் சொன்னான். மாவுக்கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கியும் காட்டினான்.

செக்ரட்டரி வெகுநேரம் மகனைப் பார்த்தார். அவர் கோபக்காரர், அவன் அடிபடப் போகிறான் என்று நினைத்தேன். அவர் ஜெராக்ஸ்களை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கரகரத்த குரலில் காகாவிடம் சொன்னார்: "கால் சரியாகட்டும். இனிமேல் ஆறு பேருக்கு மேல் ஏற்றாதே. இவனும் உன் வண்டியில்தான் வருவான்."

சித்திக்கு அந்த வருடப் பயிற்சிப் பாடத்தில் பாஸாகிற அளவுக்குத்தான் மதிப்பெண் கிடைத்தது. பேராசிரியை எங்கள் புதிய தாள்களைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் சொல்வளம் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தார். சித்தி அதை வீட்டில் படித்துக் காட்டிவிட்டு முதல்முறையாக விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பல ஊர்களில் டீச்சராக இருந்து இப்போது ஓய்வுபெறப் போகிறாள். அன்றைக்கு மாதிரி இன்னொரு வகுப்பு தனக்கு வாய்க்கவில்லை என்று அவளே சொல்வாள்.

கணபதி பண்டிகை நெருங்கும்போது காகா திரும்ப வந்தார். கொஞ்சம் நொண்டி நடந்தார். ஆறு பேர் தாராளமாக உட்கார்ந்தோம். இரண்டாவது நாளே செக்ரட்டரி மகனும் பக்கத்துப் பையனும் எதற்கோ ஒருவர் முடியை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். காகா பின்னால் திரும்பவில்லை. வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்தார். இறங்கி, நொண்டிக்கொண்டே சுற்றி வந்து, எங்கள் முன்னால் நின்று, ஆசை தீரத் திட்டினார். பிறகு அதே மாதிரி நொண்டிக்கொண்டே சுற்றிப் போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தார். ஏழாம் வகுப்பு முடிகிற வரை நான் அந்த ரிக்ஷாவில் போனேன். வண்டி ஓடும்போது அவருடைய கழுத்து திரும்பி நான் பார்க்கவில்லை.